96 பேருக்கு ஒரு செவிலியர்

புது தில்லி: 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அந்தமானின் ஓங்கே பழங்குடியினர் மொத்தம் 96 பேர் எனப் பதிவாயிற்று. நூறு கோடியைத் தாண்டிவிட்ட நாட்டில், ஓர் இனம் முழுவதும் இரண்டு பேருந்துகளில் அடங்கிவிடும் நிலை. அதே ஆண்டில்தான் ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் ஒருவர், அவர்கள் வாழும் டுகாங் கிரீக் குடியிருப்பில் பணியில் சேர்ந்தார். அவர் சாந்தி தெரசா லக்ரா. பத்து ஆண்டுகள் கழித்து, 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதையும் அவர் பெற்றிருந்தார்.

விருது விழாவோடு பெரும்பாலோர் அந்தப் பெயரை மறந்துவிட்டனர். ஆனால், அவரது பணி எழுப்பும் கேள்வி மறக்கக் கூடியதன்று. படித்து முடித்த செவிலியர் ஒருவர், எந்த ஊரில் வாழ்வது, எங்கே வேலை செய்வது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்? யாரும் விரும்பிப் போகாத இடத்தில் அவரை இருத்தி வைக்க அரசு என்ன செய்கிறது?

ரங்கத்திலிருந்து டுகாங் கிரீக்குக்கு

மத்திய அந்தமானில் உள்ள ரங்கத் பகுதியைச் சேர்ந்தவர் லக்ரா. சோட்டா நாகபுரி பீடபூமியிலிருந்து வந்த ஒராவோன் சமூகத்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் காடு வெட்டவும் சாலை போடவும் 1918 முதல் கப்பலில் அழைத்து வரப்பட்ட ஒராவோன், முண்டா, கரியா மக்களை அந்தமானில் 'ராஞ்சிக்காரர்கள்' என்றே அழைப்பது வழக்கம். தாய்மண்ணில் பட்டியல் பழங்குடியினராக இருக்கும் இவர்களுக்கு அந்தமானில் அந்தத் தகுதி இல்லை. அது தனியொரு குறை. ஆயினும் காட்டையும் கடலையும் சிறு வயதிலிருந்தே அறிந்த சமூகம் அது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில் உள்ளது லிட்டில் அந்தமான் தீவு. கப்பல் நிற்கும் இடம் ஹட் பே. டுகாங் கிரீக் அதே தீவின் வடகிழக்குக் கரையில் உள்ளது. கடல் அமைதியாக இருந்தால் அங்கிருந்து படகில் போகலாம். இல்லாவிட்டால் காட்டு வழியே நடக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டுமே நிச்சயமில்லை.

1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி அந்தப் பகுதிக்குள் வெளியார் எவரும் அனுமதியின்றிக் காலடி வைக்க முடியாது. ஆசிரியர், செவிலியர், பழங்குடியினர் நலனுக்காக 1976-இல் தொடங்கப்பட்ட அந்தமான் ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதியின் ஊழியர் என விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அங்கே தங்குகின்றனர். ஓங்கே மக்களைப் பொருத்தவரை இந்திய அரசு என்பது இந்தச் சிலர்தான்.

தமிழகத்துக் கிராம சுகாதார செவிலியர் செய்யும் வேலைதான் அங்கும்: தடுப்பூசி, கருவுற்ற பெண்களின் கண்காணிப்பு, மலேரியாவுக்கு இரத்தம் எடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை. வேறுபாடு என்னவெனில், நம் ஊரில் செவிலியரைத் தேடி மக்கள் வருவர். அங்கே பன்றி வேட்டைக்கும் தேன் எடுக்கவும் காட்டுக்குள் போய்விட்டவர்களைத் தேடிச் செவிலியர் போக வேண்டும். அவர்கள் மொழிக்கு அகராதி பார்த்துப் படிக்கும் வாய்ப்பில்லை. பேசிப் பேசித்தான் கற்க வேண்டும். நோய்க்கு அவர்களிடமே மருந்தும் நம்பிக்கையும் உண்டு. ஊசியை நீட்டுவதற்கு முன் அவர்களது நம்பிக்கையைப் பெற வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறி வந்தால் அந்த நம்பிக்கை ஒருநாளும் ஏற்படாது.

கடல் உள்ளே வந்த நாள்

2004 டிசம்பர் 26. சுனாமி அந்தமான் நிகோபார் தீவுகளைச் சூறையாடியது. கடல் பின்வாங்கியதைக் கண்ட ஓங்கே மக்கள் மேட்டுப் பகுதிக்குச் சென்று உயிர் தப்பினர். முன்னோர் சொல்லிவைத்த அறிவு அவர்களைக் காத்தது. ஆனால், டுகாங் கிரீக்கின் கரையோரக் குடில்கள் எஞ்சவில்லை.

வந்த வழியே திரும்பிப் போவதற்குச் செவிலியருக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. போயிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. லக்ரா போகவில்லை. காட்டுக்குள் இடம்பெயர்ந்த ஓங்கே மக்களுடனேயே கூடாரத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். பின்னர் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட பிறகும், அங்கே சிகிச்சைக்கு வரும் பழங்குடியினரைக் கவனிக்கும் பணியே அவருடையதாயிற்று. தங்கள் மொழி தெரிந்த, தங்கள் குடிலில் தங்கிய ஒரு முகம் மருத்துவமனையில் இருப்பது, நகரத்தைக் கண்டு அஞ்சும் நோயாளிக்குப் பாதி மருந்து.

எண்ணிக்கை சொல்லும் வரலாறு

ஒரு செவிலியரின் முடிவுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். அந்தமானின் வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது.

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை ஏற்படுத்தியபோது கிரேட் அந்தமானியர் ஐயாயிரத்துக்குக் குறையாமல் இருந்தனர் என்பது மதிப்பீடு. அவர்களை 'நாகரிகப்படுத்த' நடத்தப்பட்ட அந்தமான் இல்லங்களில் நோயும் சேர்ந்தே பரவிற்று. 1877-இல் தட்டம்மை அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு போயிற்று. 1901-இல் 625 பேர். 1961-இல் 19 பேர். 2011 கணக்கெடுப்பில் 44 பேர்.

ஓங்கே மக்கள் 1901-இல் 672 பேராக இருந்தனர். நூறு ஆண்டுகளில் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தே 96 ஆயினர்.

ஜாரவா மக்கள் 1997-இன் பிற்பகுதியில் தாமாகவே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினர். இரண்டே ஆண்டுகளில், 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. வரலாறு மீண்டும் ஒருமுறை திரும்பிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. இம்முறை மருத்துவர்களும் செவிலியர்களும் அருகில் இருந்தனர். அப்போது ஜாரவா மக்களிடையே பணியாற்றிய மருத்துவர் ரத்தன் சந்திர கர், 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2001-இல் 240 பேராக இருந்த ஜாரவாக்கள், 2011-இல் 380 பேராக உயர்ந்தனர். அதே நோய், அதே காடு; பக்கத்தில் மருந்தோடு ஆள் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

டுகாங் கிரீக்கில் 2008 டிசம்பரில் நேர்ந்தது இன்னொரு பாடம். கரையொதுங்கிய கலனில் இருந்த நச்சுத் திரவத்தை மது என எண்ணிக் குடித்த ஓங்கே ஆண்கள் எட்டுப் பேர் உயிரிழந்தனர். எட்டுப் பேர் என்பது வேறிடத்தில் ஒரு நாள் செய்தி. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட இனத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. அத்தனை பெரிய இழப்புக்குப் பின்னரும் 2011 கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் 101 பேராக இருந்தனர் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் பிழைத்து வளர்ந்ததன் மதிப்பு புரியும். அந்தப் பிரசவங்களுக்கும் தடுப்பூசிகளுக்கும் பின்னே பெயர் தெரியாத செவிலியர்கள் இருக்கின்றனர்.

2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியர் பத்துப் பேருக்குக் கரோனா தொற்று உறுதியானபோதும் இதே கவலைதான் எழுந்தது. நோயைக் குணப்படுத்தப் போகிறவரே நோயைக் கொண்டு போய்விடக் கூடாது. அதற்குரிய கட்டுப்பாட்டுடன் நீண்ட காலம் அங்கேயே தங்கக்கூடியவர் தேவை.

முன்னிருக்கும் வழிகள்

செவிலியர் படிப்பை முடிக்கும் தமிழகத்துப் பெண்ணின் முன் இன்று பல வழிகள் உள்ளன. சென்னையிலோ கோவையிலோ தனியார் மருத்துவமனை. வளைகுடா நாடுகள், பிரிட்டன், ஜெர்மனி. அல்லது அரசு வேலை. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020 முதல் நடத்தப்படும் பொதுத் தேர்வில் தேறியவர்கள், எந்த ஊர் முதலில், எது அடுத்தது என்று விருப்ப வரிசையைப் பதிவு செய்ய வேண்டும். வாழுமிடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அங்கே ஒரு படிவத்தை நிரப்புவது.

ஆனால், அந்த வரிசையை எழுதும் கையைக் கடனும் குடும்பமும் பிடித்திருக்கின்றன. 2014-இல் இராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கி, ஜூலை 5-ஆம் தேதி தனி விமானத்தில் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்ட 46 செவிலியர்களை நாடு மறந்திருக்காது. அவர்களில் ஒருவர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர், ஏனையோர் கேரளத்தவர். போர் மூளக்கூடிய நாடு என்று அறிந்தும் அங்கே போனவர்கள் துணிச்சலுக்காகப் போகவில்லை. படிப்புக்கும் பயணத்துக்கும் வாங்கிய கடன் அடைய வேண்டும் என்பதே காரணம்.

உள்ளூரிலேயே இருக்க விரும்பியவர்களின் நிலையும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு போராடியது நினைவிருக்கலாம். பணி நிரந்தரம் அவர்களது கோரிக்கை. அப்போது அவர்கள் பெற்ற மாத ஊதியம் ரூ.7,700. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கு அதுதான் கூலி என்றால், அவர் வெளிநாட்டுக் கனவு காண்பதில் வியப்பில்லை.

இந்தப் பட்டியலில் லிட்டில் அந்தமானும் கமோர்ட்டாவும் கேம்பல் பேயும் எங்கே வரும்?

தமிழருக்கு அந்தமான் அந்நிய மண் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ள 3.8 லட்சம் மக்களில் 15 சதவீதத்தினருக்குத் தமிழே தாய்மொழி. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள் நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழில் பேசிச் சாமான் வாங்க முடியும். ஆகவே, தலைநகரில் பணி கிடைத்தால் ஒரு தமிழகச் செவிலியர் தயங்காமல் கப்பலேறலாம். தயக்கம், அங்கிருந்து அடுத்த கப்பலில் ஏறச் சொல்லும்போதுதான் தொடங்குகிறது.

20 சதவீதம் போதுமா?

அந்தமான் நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. மாநிலங்களவையில் இடமும் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் நேரடிப் பார்வையில் நடக்கும் நிர்வாகம் அது. தமிழகத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லாவிட்டால் சட்டமன்ற உறுப்பினரை முற்றுகையிடலாம். டுகாங் கிரீக்கில் செவிலியர் இல்லாவிட்டால் பொறுப்பு நேராக தில்லியின் வாசலில் வந்து நிற்கிறது.

தில்லி இதை உணராமல் இல்லை. தீவுகளில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்களுக்கெனத் தனிப்படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு அது மூன்று தரங்களாக உள்ளது: தலைநகரப் பகுதிக்கு அடிப்படை ஊதியத்தில் 10 சதவீதம், கடினமான பகுதிகளுக்கு 16, மிகக் கடினமான பகுதிகளுக்கு 20. லிட்டில் அந்தமானும் நிகோபார் தீவுக் கூட்டமும் மூன்றாவது தரத்தில் வருகின்றன. தலைநகருக்கும் மிகக் கடினமான தீவுக்கும் இடையிலான தூரத்தை அரசு அளந்திருப்பது வெறும் பத்து சதவீதமாக!

பணம் தேவை, பணம் மட்டும் போதாது. குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கணவருக்கு அங்கே என்ன வேலை? ஒழுகாத குடியிருப்பு கிடைக்குமா? ஊரில் தாய் நோய்வாய்ப்பட்டால் எத்தனை நாளில் போய்ச் சேரலாம்? சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கப்பல் பயணம் மட்டுமே ஏறத்தாழ மூன்று நாள். அதற்கு முன் தீவிலிருந்து போர்ட் பிளேர் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை ஆண்டுகளில் மாற்றல் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். 'போனால் மறந்துவிடுவார்கள்' என்ற அச்சம்தான் அரசு ஊழியர்களைக் கடைக்கோடிப் பணியிடங்களிலிருந்து விரட்டுகிறது.

நோயாளியைக் கரைசேர்க்கும் வழியும் செவிலியரின் முடிவைத் தீர்மானிக்கிறது. சிக்கலான பிரசவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, படகும் இல்லை, வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டரும் இல்லை என்ற நிலையில் ஓரிரவைக் கழித்தவர் அடுத்த மாற்றல் விண்ணப்பத்தை மறுநாளே எழுதுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

யார் தங்குகிறார்கள்?

தொலைதூரப் பகுதிகளில் மருத்துவப் பணியாளரை இருத்துவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைகளை வெளியிட்டது. 2021-இல் அவற்றைப் புதுப்பித்தது. ஊதியம், வீட்டு வசதி, பணி உயர்வு எனப் பலவற்றையும் அலசும் அந்த ஆவணங்கள் வலியுறுத்தும் ஓர் உண்மை எளிமையானது: அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவரைப் படிக்க வைத்தால், அவர் அங்கேயே தங்கிப் பணிபுரியும் வாய்ப்பு அதிகம். பெரிய நகரத்தில் வளர்ந்தவரை ஆணையின் பலத்தால் அனுப்பி வைத்தால், அவர் உடலால் அங்கும் மனத்தால் வேறெங்குமாக இருப்பார்.

ரங்கத்தில் வளர்ந்த லக்ராவின் வாழ்க்கை இதற்குக் கண்முன் சான்று. அவரது அர்ப்பணிப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்காகச் சொல்வதன்று இது. அத்தகைய அர்ப்பணிப்பு தற்செயலாகக் கிடைக்கும் என்று காத்திராமல், அது முளைக்கக்கூடிய இடத்தில் விதைக்க வேண்டும் என்பதே கருத்து. கார் நிகோபாரிலும் கச்சாலிலும் ரங்கத்திலும் உள்ள பள்ளிகளில் படிக்கும் நிகோபாரி, ராஞ்சி, வங்காளி, தமிழ் வீட்டுப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சியில் முன்னுரிமை. கடைக்கோடித் தீவில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணிபுரிந்தால் உயர்படிப்புக்கு வாய்ப்பு. மூன்றாண்டு முடிந்ததும் கேட்ட இடத்துக்கு மாற்றல். இவை எவையும் நடக்க முடியாதவை அல்ல. கிராமப்புறங்களில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இடஒதுக்கீடு வழங்கும் முறையைத் தமிழகம் பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்தது. அத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. மருத்துவருக்குப் பொருந்தும் நியாயம் செவிலியருக்கும் பொருந்தும்.

அடுத்தது ஷோம்பென்

இந்தக் கேள்வி பழைய கதையாகிவிடவில்லை. நாட்டின் தென்கோடியான கிரேட் நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி அளித்தது. அப்போதைய மதிப்பீடு ரூ.72,000 கோடி. 2011-இல் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழ்ந்த அத்தீவில், முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் வரை குடியேறுவர் என்பது திட்டக் கணக்கு.

அதே தீவின் காட்டுக்குள் வாழ்கின்றனர் ஷோம்பென் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள். கிரேட் அந்தமானியருக்கு 1877-இல் நேர்ந்ததும், ஜாரவாக்களுக்கு 1999-இல் நேரவிருந்து தவிர்க்கப்பட்டதும் இவர்களுக்கு முன் இரண்டு பாதைகளாகக் கிடக்கின்றன. திட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் துறைமுகத்தின் ஆழத்தையும் வெட்டப்படும் மரங்களின் எண்ணிக்கையையும் பற்றி நாடாளுமன்றத்துக்கு உள்ளும் வெளியும் வாதிடுகின்றனர். வாதிட வேண்டியவைதான். ஆனால், ஷோம்பென் மொழியைக் கற்று, அவர்கள் குடிலருகே ஐந்தாண்டு தங்கக்கூடிய செவிலியர் எத்தனை பேர் என்ற கேள்வியை எவரும் உரக்கக் கேட்கவில்லை.

டுகாங் கிரீக்கில் 96 பேருக்கு ஒரு செவிலியர் கிடைத்தார். அது அம்மக்களின் நற்பேறு. அரசின் திட்டம் என்று சொல்வதற்கில்லை. 229 பேருக்கும் நற்பேறுதான் துணை என்று விட்டுவிடுவதா அல்லது இப்போதே ஒரு தீவுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது தில்லிதான். அங்கே போய் வாழ்வதா என்பதை அந்தப் பெண் முடிவு செய்துகொள்வாள். அவள் 'சரி' என்று சொல்லும்படியான பணியிடத்தை உருவாக்கிக் கொடுப்பது அரசின் கடமை.